வெண்வால் மானின் ரட்: எந்த நாளில் பரண் ஏறுவது?

நான் வேட்டைக்குப் போன முதல் வருடம், ரட்டின், அதாவது வெண்வால் மான் இணைசேரும் பருவத்தின், உச்சம் நவம்பர் 14 என்று எங்கேயோ படித்துவிட்டு, 13 முதல் 16 வரை லீவு சொல்லி, பென்சில்வேனியாவில் ஒரு மலைச்சரிவில் நான்கு நாள் பரணில் உட்கார்ந்திருந்தேன். அணில் பார்த்தேன், ஒரு வான்கோழிக் கூட்டம் பார்த்தேன், கிடா ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அதற்கு முந்தைய வாரம், நான் மீட்டிங் மேல் மீட்டிங்காக உட்கார்ந்திருந்த நாட்களில், அதே பரணுக்குக் கீழே கட்டியிருந்த கேமராவில் மூன்று கிடாக்கள் பட்டப்பகலில் நடந்து போயிருந்தன. தேதி தப்பில்லை. அந்தத் தேதி எதைச் சொல்கிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அதை மட்டும்தான் இங்கே விளக்கப் போகிறேன். வில்லா துப்பாக்கியா, எந்தக் கம்பெனி ஸ்கோப் என்பதெல்லாம் வேறு பஞ்சாயத்து. இங்கே ஆணைக் கிடா என்றும் பெண்ணைப் பெட்டை என்றும் எழுதுகிறேன், ஊரில் ஆடு மாட்டுக்குச் சொல்வதுபோலவே 'பருவத்துக்கு வருகிறது', 'சினை பிடிக்கிறது' என்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

1. எந்தக் கடிகாரம் ஓடுகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

பகல் குறைவதுதான் கடிகாரம். ஜூன் கடைசியில் பகல் சுருங்கத் தொடங்கியதும், கண்ணில் விழும் வெளிச்சம் குறையக் குறைய மானின் மூளையில் மெலடோனின் சுரப்பது கூடுகிறது, அதைத் தொடர்ந்து மற்ற ஹார்மோன்கள் மாறுகின்றன. கிடாவின் கொம்பு கெட்டியாகி, மேலிருக்கும் வெல்வெட் தோல் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ உரிந்துவிடும். அப்போதிருந்தே கிடா தயார்தான். தயாராகாமல் இருப்பது பெட்டை. பல வாரங்கள் கிடா காத்திருக்கிறது, அந்தக் காத்திருப்பில் அது செய்யும் கோமாளித்தனங்களைத்தான் நாம் ரட் என்று பார்த்து ரசிக்கிறோம்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? சினைக்காலம் சுமார் 200 நாள். வடக்கே குட்டி ஏப்ரலில் விழுந்தால் குளிரில் செத்துப்போகும், ஆகஸ்டில் விழுந்தால் அடுத்த பனிக்காலத்துக்குள் உடம்பு தேறாது. மே கடைசி, ஜூன் தொடக்கம்தான் சரியான நேரம். ஜூன் 1-லிருந்து 200 நாள் பின்னால் எண்ணிப் பாருங்கள், நவம்பர் 13-இல் வந்து நிற்கும். கணக்கு அவ்வளவுதான்.

எனவே "இந்த வருஷம் குளிர் லேட், ரட்டும் லேட்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். குளிர் வந்தால் மான் பகலில் கூடுதலாக நடமாடும், வெயில் அடித்தால் அந்தத் தடித்த பனிக்கால ரோமத்தோடு நிழலில் படுத்துவிட்டு ராத்திரியில் ஓடும். சினை பிடிக்கும் தேதி மாறுவதில்லை, நம் கண்ணில் படுவதுதான் மாறுகிறது. முழுநிலவுக் கணக்கும் அப்படித்தான். நிலவை வைத்து ரட் தேதி சொல்லும் காலண்டர்கள் வருஷா வருஷம் விற்கின்றன, ஆனால் ஒரே இடத்தில் பல ஆண்டுகள் எடுத்த சினைத் தேதிகளை அடுக்கிப் பார்த்தால் நிலவோடு அவை நகர்வதில்லை.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு விஷயம் உண்டு. டெக்சாஸில் 1930-களில் கொண்டுவந்து விடப்பட்ட நம் புள்ளிமான்கள் இன்று ஆயிரக்கணக்கில் திரிகின்றன. வெப்பமண்டலத்து மான் என்பதால் அவற்றுக்கு இந்தப் பகல்வெளிச்சக் கட்டுப்பாடு கிடையாது. வருடத்தின் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு கிடா கெட்டிக் கொம்போடு சுற்றும், ஏதாவது ஒரு பெட்டை குட்டி போடும். ஒரே பண்ணையில் வெண்வால் மானும் புள்ளிமானும் மேய்ந்தாலும் இரண்டுக்கும் நாட்காட்டி வேறு. வெண்வால் மானுக்குச் சொன்னதைப் புள்ளிமானுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

2. உங்கள் ஊரின் தேதியைக் கண்டுபிடியுங்கள்

பென்சில்வேனியா, நியூயார்க், ஒஹாயோ, மிச்சிகன், விஸ்கான்சின், அயோவா, இல்லினாய்: இங்கெல்லாம் பெரும்பாலான பெட்டைகள் நவம்பர் நடுவில் சினையாகிவிடும். நீங்கள் இந்த வட்டாரம் என்றால் நவம்பர் 13 என்று குறித்துக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.

தெற்கே இருப்பவர்கள் நில்லுங்கள். தெற்கில் கடுங்குளிர் இல்லாததால் குட்டி எப்போது விழுந்தாலும் பிழைக்க வாய்ப்பு உண்டு, அதனால் தேதி கண்டபடி சிதறிக் கிடக்கிறது. தெற்கு டெக்சாஸில் உச்சம் டிசம்பர் நடுப்பகுதி. அலபாமாவின் பெரும்பகுதியில் ஜனவரி. ஃப்ளோரிடாவின் தென்கோடியில் ஜூலை, ஆகஸ்டிலேயே ரட் நடக்கும், அதே மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பிப்ரவரி வரை இழுக்கும். லூசியானாவிலும் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் மாதக்கணக்கில் வித்தியாசம்.

அலபாமா கதை சுவையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மான்கள் கிட்டத்தட்ட அழிந்துபோயிருந்தன. அப்புறம் பிற இடங்களிலிருந்து பிடித்துவந்து காடுகளில் விட்டார்கள். வடக்கு அலபாமாவின் பேங்க்ஹெட் காட்டில் விடப்பட்டவற்றில் மிச்சிகனிலிருந்து வந்தவையும் உண்டு. அந்தப் பக்கம் இன்றும் ரட் நவம்பரில். சில மணி நேரம் காரோட்டித் தெற்கே போனால் ஜனவரி. கொள்ளுப்பாட்டி மிச்சிகனில் கற்ற பாடத்தைக் கொள்ளுப்பேத்தி மறக்கவில்லை. அதனால் தெற்கில் "மாநிலத்தின் ரட் தேதி" என்று ஒன்று கிடையாது, மாவட்டத்தின் தேதிதான்.

எங்கே பார்ப்பது? மாநில வனவிலங்குத் துறையின் தளத்தில். காரில் அடிபட்ட, அல்லது ஆய்வுக்காக எடுத்த பெட்டைகளின் வயிற்றில் இருக்கும் கருவை அளந்தால், அதன் நீளத்திலிருந்து எந்த நாள் சினை பிடித்தது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். துறையினர் தேதி சொல்வது இப்படித்தான். வேட்டைச் சாமான் கடையில் நிற்கும் பெரியவர் சொல்வது அவர் கிடா துரத்தக் கண்ட நாளை, இரண்டும் ஒன்றல்ல.

தளத்தில் ஒன்றும் இல்லையென்றால் நீங்களே கணக்குப் போடலாம். உங்கள் வட்டாரத்தில் பிறந்து ஓரிரு நாளே ஆன, கால் நடுங்கும் குட்டிகள் எந்த வாரத்தில் கண்ணில் படுகின்றன என்று கவனியுங்கள், அதிலிருந்து 200 நாள் கழியுங்கள். ஜூலை 8-ஐ ஒட்டி விழுந்த குட்டி என்றால் தாய் டிசம்பர் 20-ஐ ஒட்டிச் சினையாகியிருக்கும். ஆகஸ்ட் 8 என்றால் ஜனவரி 20. ஒரு குட்டியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், நாலைந்து பார்த்தால்தான் நம்பலாம்.

3. அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி லீவு போடுங்கள்

நான் கோட்டை விட்ட இடம் இது. ஒரு பெட்டை பருவத்தில் இருப்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அந்த நேரத்தில் கிடா அதை ஒரு புதருக்குள் ஒதுக்கிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும், தின்னாது, நடக்காது. உச்ச நாட்களில் பல பெட்டைகள் ஒரே நேரத்தில் பருவத்தில் இருப்பதால் பல கிடாக்கள் ஆளுக்கொரு புதரில் அடைந்து கிடக்கும். வேட்டைக்காரர்கள் இதை 'லாக்டவுன்' என்பார்கள். காட்டில் அதிகம் நடப்பது அந்த வாரத்தில்தான், வெளியில் குறைவாகத் தெரிவதும் அந்த வாரத்தில்தான்.

நமக்கு வேண்டியது கிடா நடக்கும் நாட்கள். சினை உச்சம் நவம்பர் 13 என்று வைத்துக்கொண்டால் வரிசை இப்படி இருக்கும் (உங்கள் உச்சம் வேறு என்றால் எல்லாவற்றையும் அத்தனை நாள் நகர்த்துங்கள்):

அக்டோபர் 15 முதல் 27 வரை முன்னோட்டம். கிடா மரங்களில் கொம்பை உரசும், தாழ்ந்த கிளைக்குக் கீழே முன்னங்காலால் மண்ணைக் கீறி, பின்னங்கால் முட்டியின் சுரப்பி மேல் மூத்திரம் வழியவிட்டு நாற்றத்தைப் பதிக்கும், மேலே இருக்கும் கிளையை நக்கி, கடித்து, நெற்றியைத் தேய்த்துவைக்கும். இந்த மண்கீறல்களைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கும், அங்கேயே பரண் கட்டத் தோன்றும். பொறுங்கள். அவற்றுக்கு மான் வருவது பெரும்பாலும் இருட்டில். கேமரா கட்ட நல்ல இடம், நாள் முழுக்க உட்கார அவ்வளவு நல்ல இடம் இல்லை.

அக்டோபர் 28 முதல் நவம்பர் 6 வரை தேடல். கிடா மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு பெட்டைகள் படுக்கும் இடம் ஒவ்வொன்றாக மோப்பம் பிடித்துப் போகும். துரத்தல் அதிகம் இருக்காது, நடை இருக்கும்.

நவம்பர் 5 முதல் 12 வரை துரத்தல். பெட்டைகள் பருவத்தை நெருங்கியும் கிடாவுக்கு இன்னும் நின்றுகொடுக்காத நாட்கள். கிடா ஓடும், உறுமும், சாலையையும் வீட்டுத் தோட்டத்தையும் குறுக்கே கடக்கும், சில கிடாக்கள் தங்கள் எல்லையையே விட்டுப் பல மைல் போய்விட்டு ஓரிரு நாளில் திரும்பும். கார்களில் மான் மோதுவது நவம்பரில் உச்சம் தொடுவது இதனால்தான். காப்பீட்டுக்காரர்களுக்கும் நமக்கும் ஒரே சீசன்.

நவம்பர் 13 முதல் 19 வரை லாக்டவுன். அதற்குப்பின், நவம்பர் கடைசி வாரத்தில், மிச்சம் இருக்கும் ஓரிரு பெட்டையைத் தேடிக் கிடாக்கள் மறுபடி நடக்கும். பலர் சோர்ந்துபோய் வீட்டில் இருக்கும் இந்த நாட்களில் முதிர்ந்த கிடா கண்ணில் பட நல்ல வாய்ப்பு உண்டு.

ஐந்து நாள்தான் லீவு என்றால் நான் நவம்பர் 5 முதல் 9 வரை எடுப்பேன். பத்து நாள் கிடைத்தால் அக்டோபர் 31-லிருந்து. இரண்டே நாள் என்றால் முன்கூட்டித் தேதி குறிக்காமல் வானிலையைப் பார்த்து அந்த வாரத்தில் குளிர் இறங்கும் நாளைப் பிடிப்பேன், மேனேஜருக்கு முன்பே ஜாடை காட்டிவைத்திருந்தால் போதும். இந்தத் தேதிகளைக் கோடு கிழித்த எல்லையாக நினைக்காதீர்கள். ஒரே காட்டில் ஒரு கிடா துரத்திக்கொண்டிருக்கும்போது இன்னொன்று லாக்டவுனில் இருக்கும்.

4. சட்டம் அந்த நாட்களில் என்ன ஆயுதத்துக்கு அனுமதிக்கிறது என்று பாருங்கள்

ரட் உச்சத்தில் துப்பாக்கி சீசன் இருக்கிறதா இல்லையா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மிச்சிகனில் நவம்பர் 15 என்று நிலையான தேதி, எந்தக் கிழமையானாலும் சரி. விஸ்கான்சினில் தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பரின் நான்காவது வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். பென்சில்வேனியாவில் 2019 முதல் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை, அதாவது துரத்தல் எல்லாம் முடிந்த பிறகு. அயோவாவில் ஷாட்கன் சீசன்கள் டிசம்பரில்தான், அங்கே கிடாக்கள் பெரிதாக வளர அதுவும் ஒரு காரணம் என்று வேட்டைக்காரர்கள் பெருமூச்சோடு சொல்வார்கள். ஆகவே பென்சில்வேனியாவிலோ அயோவாவிலோ ரட்டைப் பிடிக்க வேண்டுமானால் வில் பழகியாக வேண்டும். அந்த வருடத்தின் கையேட்டைப் படிக்காமல் எதையும் நம்பாதீர்கள், நான் எழுதுவது உட்பட.

வேட்டைப் பயிற்சி வகுப்பும் உரிமமும் இல்லாமல் காட்டுக்குள் காலெடுத்து வைக்காதீர்கள். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் கூடுதல் கவனம்: அவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. மாநிலச் சட்டம் அதற்கு மேல் தனியாக இருக்கும். நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்குவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதில் விளையாட்டு வேண்டாம், போவது விசாவாக இருக்கும்.

5. கிடாவை மறந்துவிட்டுப் பெட்டைகளைத் தேடுங்கள்

செப்டம்பரில் கேமராவில் விழுந்த பெரிய கிடா நவம்பரில் அங்கே இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பெட்டைகள் இருக்கும். அவை தின்னும் இடம், படுக்கும் இடம், இரண்டுக்கும் நடுவில் நடக்கும் பாதை, இந்த மூன்றும் தெரிந்தால் கிடா தானாக வந்து சேரும். அக்டோபரில் வெள்ளை ஓக் மரத்தின் கொட்டைகள் எங்கே கொட்டிக் கிடக்கின்றன, எந்தச் சோள வயல் இன்னும் அறுக்கப்படவில்லை என்று பாருங்கள்.

பரணைப் பெட்டைகள் படுக்கும் புதருக்கு நேர் மேலே கட்டாதீர்கள். காற்று அந்தப் புதரைக் கடந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து ஓரத்தில் கட்டுங்கள். அனுபவப்பட்ட கிடா புதருக்குள் நுழைந்து ஒவ்வொரு பெட்டையாக விசாரிக்காது, புதரின் நாற்றம் வந்து சேரும் ஓரமாகவே ஒரு நடை நடந்து, உள்ளே யாராவது பருவத்தில் இருக்கிறார்களா என்று மூக்காலேயே தெரிந்துகொண்டு அடுத்த புதருக்குப் போய்விடும். நீங்கள் அந்த நடைபாதைக்கும் வெளியே இருக்க வேண்டும், உங்கள் மூச்சுக்காற்று அதன் மூக்கில் படக்கூடாது. இன்னும் நல்லது, இரண்டு புதர்களுக்கு நடுவே நிலம் குறுகும் இடுக்கு: ஓடைக்கும் செங்குத்துச் சரிவுக்கும் நடுவில் இருக்கும் ஒற்றையடிப் பாதை, மலைமுகட்டில் தாழ்ந்த கணவாய், இரண்டு வயல்களை இணைக்கும் மரவரிசை.

மலைப்பகுதியில் இன்னொரு சிக்கல். காலை வெயில் ஏறியதும் காற்று சரிவில் மேல்நோக்கிப் போகும், சாயங்காலம் குளிர்ந்ததும் கீழே இறங்கும். அதனால் பொதுவாகக் காலையில் மேலேயும் மாலையில் கீழேயும் உட்காருவது நல்லது. ஒரு பவுடர் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணிக்கொருமுறை காற்றில் தட்டிப் பாருங்கள். வானிலை ஆப் சொல்லும் காற்றும் பரணில் அடிக்கும் காற்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

6. மத்தியானம் சாப்பிட இறங்காதீர்கள்

மற்ற மாதங்களில் விடியலும் அந்தியும்தான் மான் நடமாடும் நேரம். தேடல், துரத்தல் நாட்களில் மட்டும் காலை 10 முதல் மதியம் 2 வரையிலான நேரத்தையும் தவறவிடாதீர்கள். பெட்டைகள் படுத்துவிட்ட பிறகுதான் கிடா படுக்கைகளைச் சுற்றிவர ஆரம்பிக்கும். நான் எடுத்த முதல் கிடா வந்தது 11:40-க்கு, கையில் பாதி தின்ற தயிர்சாத டப்பா இருந்தது. மூடியைப் போட நேரமில்லை.

நவம்பரின் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். மானுக்கு அது தெரியாது, ஆனால் உங்களுக்குத் தெரியும்: அதன்பின் ஐந்து மணி வாக்கில் இருட்டிவிடும், அலுவலகம் முடித்துப் பரண் ஏறும் ஆசையெல்லாம் அன்றோடு சரி. சுடுவதற்குச் சட்டப்படி அனுமதித்த நேரத்தையும் அந்த மாற்றத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்க உட்கார முழு உடல் பெல்ட் கட்டாயம். தரையை விட்டுக் காலெடுக்கும்போதே மாட்டி, திரும்பத் தரையில் கால்படும்வரை கழற்றாதீர்கள். விழுவது பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும்போது அல்ல, ஏறும்போதும் இறங்கும்போதும்.

7. சத்தமும் வாசனையும்

கொம்புகளை மோதி எழுப்பும் சத்தம், அதாவது ராட்லிங், தேடல் நாட்களில் நன்றாக வேலை செய்யும். பருவத்துக்கு வந்த பெட்டை இன்னும் கிடைக்காத கிடா சண்டைச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கும். உறுமல் ஊதலைத் துரத்தல் நாட்களில் பயன்படுத்துங்கள், கிடா கண்ணில் பட்டு, வேறு பக்கம் போகிறது என்றால் மட்டும் ஓரிரு முறை. உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும் கிடாவைக் கூப்பிடுவது மடத்தனம். லாக்டவுனில் இருக்கும் கிடா எதற்கும் அசையாது, பக்கத்தில் பெட்டை இருக்கும்போது அதற்கு வேறென்ன வேண்டும்?

புட்டியில் விற்கும் பெட்டை மூத்திரத்தை வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். மான்களைக் கொல்லும் சிடபிள்யூடி என்ற மூளை நோய் பரவும் அச்சத்தால் பல மாநிலங்களில், அல்லது மாநிலத்தின் சில பகுதிகளில், இயற்கை மூத்திரத்துக்குத் தடை. எனக்கு அந்தச் சரக்கின் மேல் எப்போதுமே பெரிய நம்பிக்கை இருந்ததில்லை.

8. லாக்டவுனில் மாட்டிக்கொண்டால்

லீவு அந்த வாரம்தான் கிடைத்தது என்றால் என்ன செய்வது? இடத்தை மாற்றுங்கள். கிடா பெட்டையை ஒதுக்கிக்கொண்டு போவது மற்ற கிடாக்கள் தொந்தரவு செய்யாத இடத்துக்கு: வயல் நடுவே தனியாக நிற்கும் சிறு புதர், வேலியோரத்து முட்காடு, பழைய கொட்டகைக்குப் பின்னால், சில நேரம் சாலையிலிருந்து ஐம்பது அடிக்குள். தூரத்திலிருந்து பைனாகுலரால் மேயுங்கள். தனியாக ஒரு பெட்டை அசையாமல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் அது பார்க்கும் பக்கத்தை நீங்களும் பாருங்கள்.

9. விழுந்த பிறகு

வேகமாகக் குடலெடுத்துக் குளிர வையுங்கள். ரட் கிடாவின் பின்னங்கால் சுரப்பி கருத்து நாறும், அதைத் தொட்ட கத்தியையோ கையுறையையோ கறியில் வைக்காதீர்கள். ரட் கிடாவின் கறி நாறும் என்ற புகாரில் பாதி இப்படி வருவதுதான். கொழுப்பை முழுக்க நீக்குங்கள், மெழுகு மாதிரி நாக்கில் ஒட்டும். சிடபிள்யூடி உள்ள வட்டாரம் என்றால் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வையுங்கள். நோய் இருப்பதாக முடிவு வந்தால் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் பரிந்துரை. நல்ல முடிவு வந்தால் தொடைக்கறி சுக்காவுக்கு அருமை, நல்லெண்ணெய் மட்டும் கொஞ்சம் தாராளமாக.

10. டிசம்பரை விட்டுவிடாதீர்கள்

நவம்பரில் சினை பிடிக்காத பெட்டை சுமார் 28 நாளில் மறுபடி பருவத்துக்கு வரும். நவம்பர் 13-க்கு 28 நாள் கூட்டினால் டிசம்பர் 11. அதோடு, சோளமும் சோயாவும் விளையும் மத்திய மேற்கில் நன்றாகத் தின்று கொழுத்த அந்த வருடத்துப் பெட்டைக்குட்டிகளும் ஆறேழு மாத வயதிலேயே, டிசம்பரில், முதல்முறை பருவத்துக்கு வரும். மெலிந்த மலைக்காட்டில் இது குறைவு. இதையெல்லாம் 'இரண்டாவது ரட்' என்று பெரிதாகச் சொல்வார்கள், நவம்பரின் ஆட்டத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

ஆனால் அந்த நேரத்துக் கிடாவின் நிலையை யோசித்துப் பாருங்கள். ரட்டில் உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு வரை இழந்திருக்கும், பசி கண்ணை மறைக்கும். மாலையில் குட்டிகளோடு பெட்டைகள் மேய வரும் சோள வயலோரம் உட்கார்ந்தால், இருட்டுவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில் காட்டு ஓரத்தில் ஒரு தலை நீளும், பெட்டைக்காக வந்ததா சோளத்துக்காக வந்ததா என்று அதற்கே தெரியாமல். ஜனவரியில் கொம்புகள் உதிர ஆரம்பித்துவிடும்.